படிப்பும் உத்தியோகமும்: வழி சொல்வது யார்?

(நமது சபையின் திருவனந்தபுரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் போன வாரம் டெலிபோனில் கூப்பிட்டு, "பிள்ளைகளின் மேல்படிப்பு பற்றி அரை மணி பேச வேண்டும், நீங்கள் அந்த டிபார்ட்மெண்டில் இருந்தவராச்சே" என்றார். எந்தக் கோர்ஸ் படித்தால் எவ்வளவு சம்பளம் என்று நான் ஒரு பட்டியல் வாசிப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அந்தப் பட்டியல் என்னிடம் இல்லை. நான் ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் கேரள சர்க்காரில் 55 வயதிலேயே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் இன்று எந்தப் படிப்புக்கு மவுசு என்று சொல்ல நான் ஆளில்லை. வழி சொல்லுகிற அந்த வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் அதை எப்படி நடத்த வேண்டும், எங்கே அது சறுக்குகிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். சறுக்கினவன் என்ற முறையிலும் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் சமூகத்தில் ஆலோசகர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பூணூல் கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் இலை போட்டு சாம்பார் வருவதற்குள், பக்கத்திலிருக்கும் பையனிடம் "என்னடா படிக்கிறே, எத்தனை மார்க், அடுத்தது என்ன?" என்று மூன்று கேள்வி போய்விடும். அவன் வாயைத் திறப்பதற்குள், "என் அத்திம்பேர் பிள்ளை சி.ஏ. படிச்சான், இப்போ துபாயில் இருக்கான், நீயும் அதையே படி" என்று பதிலும் வந்துவிடும். கேட்பவர்களுக்கு எல்லாம் பிரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விடுவான், கவனித்திருக்கிறீர்களா?

என் கதையைச் சொல்கிறேன். நான் 1970-ல் பிசிக்ஸில் பி.எஸ்ஸி. பாஸ் செய்தேன். எங்கள் கிராமத்தில் அப்போது ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: பி.எஸ்ஸி. முடித்தவன் பி.எஸ்.சி. எழுதுவான். பின்னதாகச் சொன்னது பப்ளிக் சர்வீஸ் கமிஷன். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், வாழ்க்கையிலும் அப்படித்தான் இருந்தது. அப்பா சொன்னது, "கமிஷன் பரீட்சை எழுது, ஆர்டர் வரும்வரை கரமனையில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போ." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆலோசனை. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று சாயங்காலம், எனக்கு 13 வயது, தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது வானத்தில் சோடியம் ஆவியை விட்டது. அந்திவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் நெளிந்ததை எங்கள் தெருவே வாசலில் வந்து நின்று பார்த்தது. ஏழு வருஷம் கழித்து நான் பிசிக்ஸ் பட்டதாரி. நான் இருந்த ஊரிலேயே, பஸ்ஸில் போகிற தூரத்தில், பிசிக்ஸ் படித்தவர்களுக்கு வேலை இருந்தது. அங்கே ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம் என்று வாத்தியார் சொல்லவில்லை, அப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தோன்றவில்லை. போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, என் மார்க்குக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் கிடைக்காமல் போவதற்கும், இருப்பதே தெரியாமல் போவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

பிறகு 1974-ல் கமிஷன் ஆர்டர் வந்து, எம்ப்ளாய்மெண்ட் சர்வீஸில் சேர்ந்தேன். விதியின் விளையாட்டைப் பாருங்கள், வழி தெரியாமல் வந்தவனை வழி சொல்லுகிற உத்தியோகத்தில் உட்கார வைத்தார்கள்.

இந்த சர்வீஸ் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945 ஜூலையில் மத்திய சர்க்கார் ஆரம்பித்தது. 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சிவராவ் கமிட்டி சிபாரிசு செய்தபடி அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது 1956 நவம்பர் 1-ம் தேதி. அன்றுதான் கேரள மாநிலமும் பிறந்தது. ஆக, எங்கள் டிபார்ட்மெண்டுக்கும் மாநிலத்துக்கும் ஒரே ஜன்ம நட்சத்திரம். 1959-ல் வந்த சட்டம், காலியிடம் இருந்தால் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. எக்ஸ்சேஞ்ச் அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஜனங்கள் கடைசிவரை இதைப் புரிந்துகொள்ளவில்லை. "முப்பது வருஷமாகக் கார்டு புதுப்பிக்கிறேன், வேலை எங்கே?" என்று ஜன்னலில் நின்று எங்களைக் கேட்டார்கள். அந்தச் சட்டமும் இப்போது இல்லை. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தபோது அதில் அடங்கிவிட்டது. புதிய சட்டத்தில் எக்ஸ்சேஞ்ச் என்ற பேச்சு போய் 'கேரியர் சென்டர்' என்று வந்திருக்கிறது. தும்பா ராக்கெட்டும் நவம்பர் 21, இதுவும் நவம்பர் 21. வயதானால் இப்படித் தேதிகளைச் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிடுகிறது, மன்னிக்கவும்.

சாதாரண எக்ஸ்சேஞ்ச் தவிர, பல்கலைக்கழகங்களில் தனியாக ஒரு அலுவலகம் உண்டு. யூனிவர்சிடி எம்ப்ளாய்மெண்ட் இன்ஃபர்மேஷன் அண்ட் கைடன்ஸ் பீரோ என்று நீளமான பெயர். நாங்கள் பீரோ என்போம். அங்கே எனக்கு மாற்றல் வந்ததும், "பீரோவில் போஸ்டிங்" என்று அம்மாவிடம் சொன்னேன். "புடவை வைக்கிற பீரோவா?" என்று கேட்டாள். நம் ஊரில் கேரளப் பல்கலைக்கழகத்தின் பீரோ, பாளையத்துக்கும் பி.எம்.ஜி. சந்திப்புக்கும் நடுவே மாணவர் மைய வளாகத்தில் இருக்கிறது. அங்கேயே பின்னாளில் மாடல் கேரியர் சென்டரும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் வேறு பல மாநிலங்களிலும் இதே போன்ற பீரோக்கள் உண்டு, வெளியூர் அங்கத்தினர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தலைவர் பல்கலைக்கழகத்தின் ஒரு பேராசிரியர், தம் வகுப்புகளோடு இதையும் சேர்த்துப் பார்ப்பார். அவருக்கு அடுத்தபடியாக முழு நேரம் உட்காருகிறவர் டெபுடி சீஃப், எம்ப்ளாய்மெண்ட் சர்வீஸைச் சேர்ந்த அதிகாரி. ஒருவருக்குப் பாடம் தெரியும், மற்றவருக்குக் காலியிடம் தெரியும். பேராசிரியரிடம் மட்டும் போனால் "இன்னும் மேலே படி" என்பார். அதிகாரியிடம் மட்டும் போனால் "வந்த வேலையில் சேர்" என்பார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால்தான் பையனுக்கு இரண்டும் கிடைக்கும். இந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ, அவர் கெட்டிக்காரர். ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. பேராசிரியருக்கு ஆர்வம் இல்லையென்றால் பீரோ வெறும் நோட்டீஸ் போர்டு ஆகிவிடும். அதிகாரிக்கு ஆர்வம் இல்லையென்றால் ரிஜிஸ்டர் மட்டும் கொழுக்கும்.

எனக்கு வாய்த்த பேராசிரியர் ஒரு அபூர்வ மனிதர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அவர் வந்த முதல் நாள் செய்த காரியம், மேஜையைச் சுவரோடு தள்ளிப் போட்டதுதான். வருகிறவனுக்கும் தமக்கும் நடுவில் மேஜை இருக்கக் கூடாது என்றார். அடுத்து எங்களுக்கு ஒரு கட்டளை போட்டார்: முதல் இருபது நிமிஷம் எந்தக் கையேட்டையும், எந்த விளம்பரத்தையும் எடுத்து நீட்டக் கூடாது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது. என் அலமாரி முழுக்கத் தகவல்தான், அதைக் கொடுப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தவன் நான்.

ஒரு நாள் ஒரு பையன் வந்தான். பாங்க் பரீட்சைக்குக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டான். தேதி என் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லி அனுப்பியிருப்பேன். பேராசிரியர் அவனை உட்காரச் சொல்லி, "அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, உன் படிப்பு எப்படிப் போகிறது?" என்றார். கால் மணி நேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வந்தது. சப்சிடியரி கணக்கில் இரண்டு தடவை தோற்றிருக்கிறான். அப்பாவுக்குப் படுத்த படுக்கை. பட்டமே வராது என்று வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல், பாங்க் வேலை வந்துவிட்டால் பட்டம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பட்டம் இல்லாமல் அந்தப் பரீட்சையே எழுத முடியாது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் தேதி கேட்க வந்திருக்கிறான். கணக்கில் உதவி செய்ய ஒரு விரிவுரையாளரிடம் பேராசிரியரே அழைத்துக்கொண்டு போனார். வருகிறவன் கேட்கிற கேள்வி ஒன்று, கொண்டுவந்திருக்கிற விஷயம் வேறு என்பதை அன்றுதான் நான் படித்தேன்.

வேறு ஒன்றும் அவர் செய்வார். ஒவ்வொருவர் கார்டிலும் மறுபடி வரவேண்டிய தேதியைப் பென்சிலால் குறித்து வைப்பார். அந்தத் தேதிக்கு ஆள் வரவில்லையென்றால் ஒரு போஸ்ட் கார்டு போடுவார். "என்ன ஆயிற்று?" என்று இரண்டே வார்த்தை. எத்தனை பேருக்கு ஆலோசனை கொடுத்தோம் என்று மாதா மாதம் நாங்கள் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவோம். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற பத்தி அந்தப் படிவத்திலேயே இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஒரு பத்திதான் முக்கியம். மனம் உடைந்து வருகிறவர்களை நாங்களே சமாளிக்கப் பார்க்கக் கூடாது, தகுந்த வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பு. இப்போது அதற்கு டெலி மானஸ் என்று 14416 எண்ணில் இலவச சேவையே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்குப் பிதாமகர் என்று சொல்லத்தக்கவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஃபிராங்க் பார்சன்ஸ். எஞ்சினீயரிங் படித்து, வக்கீலாகி, வாத்தியாராகி, மேயர் தேர்தலில் நின்று தோற்று, கடைசியில் 1908 ஜனவரியில் இளைஞர்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்ல ஒரு அலுவலகம் திறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் காலமானார். புஸ்தகம் அடுத்த வருஷம்தான் வெளிவந்தது. அவர் சொன்னதன் சாரம்: முதலில் உன்னைத் தெரிந்துகொள், பிறகு வேலைகளைத் தெரிந்துகொள், அப்புறம் இரண்டையும் பொருத்திப் பார். பொருத்தம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம், படிப்புக்கு மார்க் என்ற ஒரே பொருத்தம் பார்ப்போம். இத்தனை வேலைக்கு மாறிய ஒரு மனிதருக்குத்தான் இந்த யோசனை வந்தது என்பதையும் கவனியுங்கள்.

நம் தேசத்தில் கோத்தாரி கமிஷன் 1966-ல் கொடுத்த அறிக்கையில், கல்லூரிகளில் ஆயிரம் மாணவருக்குக் குறைந்தது ஒரு ஆலோசகர் வேண்டும் என்று எழுதினார்கள். தலைவர் டி.எஸ். கோத்தாரி பிசிக்ஸ்காரர், அதில் எனக்கொரு பெருமை. ஆனால் அறுபது வருஷம் ஆயிற்று. உங்கள் பேரனின் கல்லூரியில் முழு நேர ஆலோசகர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஆசிரியரிடமும் இத்தனை மாணவர் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள், நாக் குழு வரும்போது அந்த விகிதத்தைக் கேட்கிறார்கள். சில ஆசிரியர்கள் உண்மையாகவே செய்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். சில இடங்களில் குழு வருவதற்கு முந்தின வாரம் ஒரே பேனாவால் மூன்று வருஷத்து நோட்டும் எழுதப்படுகிறது. கேரளத்தில் நன்றாகப் படிப்பவர்களுக்கு 'வாக் வித் எ ஸ்காலர்', பின்தங்கியவர்களுக்கு 'ஸ்காலர் சப்போர்ட்' என்று இரண்டு திட்டங்கள் வந்தன. நல்ல காரியம். ஆனால் நடுவில் ஒருவன் இருக்கிறானே, தோற்கவும் மாட்டான், மெடலும் வாங்க மாட்டான், வாயும் திறக்க மாட்டான். பி.எஸ்ஸி. வகுப்பில் நான் அந்த நடுப் பெஞ்சுதான்.

இப்போது இந்த வேலை முன்னைவிட அவசரம் ஆகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் கேரளத்தில் நாலு வருஷப் பட்டப்படிப்பு முறை வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் 133 கிரெடிட் சேர்ந்தால் பட்டத்தோடு வெளியே வரலாம், நாலாவது வருஷமும் இருந்து 177 சேர்த்தால் ஹானர்ஸ். மேஜர் எது, மைனர் எது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் காலத்தில் பிசிக்ஸ் என்றால் மேத்ஸும் கெமிஸ்ட்ரியும் கூடவே வரும், சாப்பாட்டு இலையில் உப்பும் ஊறுகாயும் வருவது மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது ஹோட்டல் மெனு. 18 வயதுப் பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் எதைச் சொன்னானோ அதையே தானும் சொல்லிவிடுகிறது. இதில் பெற்றோர்கள் அதிகம் அறியாத ஒரு விதி உண்டு. இரண்டாவது செமஸ்டர் முடிவில், தான் முதல் வருஷத்தில் படித்த அடிப்படைப் பாடங்களில் ஒன்றுக்கு மேஜரை மாற்றிக்கொள்ளலாம், கல்லூரியில் இடம் இருந்தால். முதலில் எடுத்தது தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ள ஒரு ஜன்னல். அது திறந்திருக்கும்போது யாராவது பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும். எத்தனை கல்லூரிகளில் பேசுகிறார்கள்?

சறுக்கினதைச் சொல்கிறேன் என்றேன். 1996-ல் என் மகள் பிரீடிகிரி முடித்தாள். அப்போது நான் பீரோவில்தான் இருந்தேன். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை ஊரார் பிள்ளைகளிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று பொறுமையாகக் கேட்பேன். அந்த வருஷம் எஞ்சினீயரிங் என்ட்ரன்ஸ் விண்ணப்பத்தை நானே வாங்கி வந்து, நானே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு அவளிடம் நீட்டினேன். போட்டாள். அவளுக்குச் செடி கொடி என்றால் உயிர். என் பழைய கெஜட்டுகளுக்கு நடுவில் இலைகளை வைத்து உலர்த்தி, மலையாளப் பெயரும் தமிழ்ப் பெயரும் எழுதி வைத்திருப்பாள். கெஜட் பாழாகிறது என்று நான் கோபித்துக்கொண்டதும் உண்டு. அவள் நன்றாகவே படித்தாள், பெங்களூரில் வேலை, இப்போது நம் டெக்னோபார்க்குக்கே மாற்றல் வாங்கி வந்துவிட்டாள். ஒரு குறையும் இல்லை. எனக்கும் ஒரு தப்புச் செய்த ஞாபகமே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "அப்பா, ஆபீஸுக்கு வந்தவா எல்லாரையும் நீ ஒரு கேள்வி கேப்பியே, என்னை மட்டும் ஏன் கேக்கலை?"

அவள் அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. எஞ்சினீயரிங் தப்பு என்பதல்ல விஷயம். கேட்டிருந்தாலும் யோசித்துவிட்டு அவளே அதை எடுத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அதனால்தான் வீட்டார் கேட்டுக்கொள்ளட்டும் என்று விடாமல், பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு இடம், ஒரு நாற்காலி, முழு நேரம் ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். நமக்குப் பிரியம் அதிகம், பயமும் அதிகம். என்னைப் போல் அதே தொழிலில் இருந்தவனுக்கே வாசல்படி தாண்டியதும் காது அடைத்துவிட்டது. அந்த நாற்காலிக்குத் தலைமை ஏற்பவர், எத்தனை பேருக்குக் கம்பெனி வேலை கிடைத்தது என்ற எண்ணிக்கையை வைத்து மட்டும் தம்மை அளந்துகொள்ளக் கூடாது. அப்படி அளந்தால், வேலை கிடைக்கக் கூடிய பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துப் பேசத் தோன்றும். நமது சபையில் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். பக்கத்துக் கல்லூரி முதல்வரைப் பார்த்து, வாரத்தில் ஒரு மத்தியானம் வந்து உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். சம்மதித்தால் போங்கள், ஆனால் துபாய் அத்திம்பேரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

என் பேரன், அந்த மகளின் பிள்ளை, 2025-ல் இங்கேயே ஒரு கல்லூரியில் நாலு வருஷப் படிப்பில் சேர்ந்தான். மேஜர் பிசிக்ஸ். எனக்கு உச்சி குளிர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "தாத்தா, பிசிக்ஸ் வேண்டாம்னு தோணறது. கூட எடுத்த எகனாமிக்ஸ்தான் பிடிச்சிருக்கு. மேஜரை மாத்திக்கலாமான்னு பாக்கறேன்" என்றான். உள்ளே சுருக்கென்றது. தும்பாவிலிருந்து ஆரம்பித்து ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் நாற்பது நிமிஷம் பேசினான். கடைசியில், "நீ என்ன சொல்றே தாத்தா?" என்றான். எகனாமிக்ஸில் மூன்றாவது வருஷம் படிக்கிற இரண்டு பேரையும், அதே டிபார்ட்மெண்டில் ஒரு ஆசிரியரையும் பார்த்துப் பேசு, பிசிக்ஸில் எது பிடிக்கவில்லை என்பதை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வா என்றேன். காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வருவான் என்று நினைக்கிறேன். வராவிட்டால் போஸ்ட் கார்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.